காலராவின் விஷத்தைக் கண்டவர்: டாக்டர் சம்பு நாத் தே (1915–1985)

இதுபோன்ற பக்கங்களில் விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறு என்றால் பொதுவாக நம்மவர்களைப் பற்றியே எழுதுகிறோம். ராமானுஜன், சர் சி.வி. ராமன், சந்திரசேகர் என்று அந்த வரிசை அன்பர்களுக்கு மனப்பாடமானது. இம்முறை ஒரு வங்காள டாக்டரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணங்கள் சொல்வேன். முதலாவது, என் வயதை ஒத்தவர்களுக்கு காலரா ஊசி நன்றாக ஞாபகம் இருக்கும். கோடை வந்தாலும் ஊசி, மகாமகம் போன்ற கூட்டங்களுக்குப் போவதானாலும் ஊசி. இரண்டு நாள் கை வீங்கி, ஜுரம் அடிக்கும். வாந்திபேதி என்ற சொல்லை உரக்கச் சொல்லவே வீட்டுப் பெரியவர்கள் தயங்கிய காலம் அது. இரண்டாவது காரணம், இந்த மனிதரின் பெருமையை நம் தேசத்துக்கு எடுத்துச் சொன்னவற்றில் முக்கியமானது பெங்களூரிலிருந்து வெளிவரும் ஒரு விஞ்ஞானப் பத்திரிகை.

பெயரை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் அவருடைய குலப்பெயருக்கு இரண்டே எழுத்து. அதைப் பார்த்து நாம் 'டே' என்று படித்தால் யாரையோ அதட்டிக் கூப்பிடுவது போல ஆகிவிடும். வங்காளிகள் 'தே' என்றே உச்சரிக்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சம்பு நாத் தே 1915-ம் வருஷம் பிப்ரவரி 1-ம் தேதி மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி ஜில்லாவிலுள்ள கரிபாட்டி என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனாருக்கு வியாபாரம் சோபிக்கவில்லை. சிற்றப்பா ஒருவர் குடும்பத்தில் படித்தவர். அவருடைய ஆதரவில் பையன் பள்ளிக்கூடம் முடித்தார். உபகாரச் சம்பளம் வாங்கி ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியிலும், பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்தார். கல்கத்தாவில் தங்கிப் படிக்க ஒரு தனவந்தர் உதவினார். 1939-ல் எம்.பி. பட்டம், 1942-ல் உஷ்ணப் பிரதேச வைத்தியத்தில் டிப்ளமா. அவருடைய பேராசிரியர் மணீந்திர நாத் தே, கெட்டிக்கார மாணவனுக்குத் தம் பெண்ணையே கொடுத்தார். 1947-ல் லண்டன் சென்று யூனிவர்ஸிடி காலேஜ் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரியில் ஸர் ராய் காமரூன் என்ற பாதாலஜி நிபுணரிடம் ஆராய்ச்சி செய்து, 1949-ல் பி.எச்டி. பெற்றார். அந்த ஆராய்ச்சிக்கும் காலராவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் லண்டன் கற்றுக்கொடுத்த பரிசோதனைப் பழக்கம், கல்கத்தா ஆஸ்பத்திரிகளில் படுத்துக் கிடந்த காலரா நோயாளிகள் மீது திரும்பியது. ஊர் திரும்பி நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் ஆறு வருஷம், 1955 முதல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பாதாலஜி துறைத் தலைவர், 1973-ல் 58-வது வயதில் ரிடையர்மெண்ட். உத்தியோக சரித்திரம் அவ்வளவுதான். வகுப்பு எடுப்பது, ஆஸ்பத்திரி மாதிரிகளைப் பரிசோதிப்பது ஆகிய கடமைகள் போக மிஞ்சிய நேரத்தில்தான் ஆராய்ச்சி.

அவர் கையில் எடுத்த கேள்வி பழையது. 1884-ல் ராபர்ட் காக் இதே கல்கத்தாவில், கமா வடிவத்திலுள்ள கிருமியே காலராவுக்குக் காரணம் என்று நிரூபித்தார். கிருமி ஒரு விஷத்தைச் சுரக்கிறது, அந்த விஷமே ஆளைக் கொல்கிறது என்றும் அவர் யூகித்தார். கிருமியை உலகம் ஏற்றுக்கொண்டது. விஷம் மட்டும் அகப்படவில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, 75 வருஷம் அகப்படவில்லை. ஆராய்ச்சியாளர்கள் கிருமியை மிருகங்களின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தார்கள். மிருகங்கள் செத்தன. ஆனால் காலராவாக இல்லை, பேதியே இல்லை. கிருமி செத்துச் சிதையும்போது அதன் உடம்பிலிருந்து வெளிப்படும் பொருள்தான் விஷம், அது குடலின் உட்தோலை உரித்து எடுத்துவிடுகிறது என்ற கொள்கை பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

தே செய்தது, இவ்வளவு பேரும் சுற்றிவந்த இடத்தை விட்டு நோய் இருக்கும் இடத்துக்கே போனது. காலரா குடலின் நோய். ஆகவே குடலிலேயே பார்ப்போம் என்றார். ஒரு முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இரு பக்கமும் நூலால் கட்டினார். அந்த மூடிய துண்டுக்குள் காலராக் கிருமியை ஊசியால் செலுத்தி, குடலை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தத் துண்டு பலூன் மாதிரி உப்பி, உள்ளே அரிசி களைந்த நீர் போன்ற திரவம் நிரம்பியிருந்தது. நோயாளிக்குப் பேதியாகிறதே, அதே தண்ணீர். கிருமி போடாமல் கட்டிய துண்டு தட்டையாகவே இருந்தது. முயலை இப்படிச் செய்வதா என்று நம்மில் சிலருக்கு மனம் ஒப்பாது என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்துக் கல்கத்தாவின் காலரா வார்டை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும்.

இந்தப் பரிசோதனையைத் தேயும் அவருடைய சகா சாட்டர்ஜியும் 1953-ல் பிரிட்டிஷ் பாதாலஜி பத்திரிகை ஒன்றில் பிரசுரித்தார்கள். 1956-ல், சாதாரண வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த கோலி கிருமிகளில் சிலவும் இதே போலக் குடலை உப்ப வைக்கின்றன என்று இன்னொரு கட்டுரை. அதன் முக்கியத்துவம் உலகத்துக்குப் புரிய மேலும் பத்து வருஷத்துக்கு மேலாயிற்று.

பிறகு அந்த மூன்றாவது கட்டுரை. தே காலராக் கிருமியைத் திரவத்தில் வளர்த்து, வடிகட்டி, கிருமிகளை முழுவதுமாக நீக்கினார். உயிருள்ளதோ செத்ததோ, ஒரு கிருமியும் இல்லாத வெறும் வடிநீரை முயலின் குடல் துண்டில் செலுத்தினார். குடல் உப்பியது. காக் யூகித்த விஷம் வடிநீரில் இருந்தது. கிருமி சிதைந்து அல்ல, உயிரோடு இருக்கும்போதே வெளியே சுரக்கும் விஷம் அது. 1959 மே 30-ம் தேதியிட்ட 'நேச்சர்' பத்திரிகையில் 1533, 1534 என்ற இரண்டு பக்கங்களில் இது வெளியாயிற்று. கூட்டாளி பெயர் இல்லை. தே ஒருவரே எழுதியது. அப்போது அவருக்கு வயது 44. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1959-ல் பம்பாய் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட்டில் என்.கே. தத்தாவும் அவருடைய சகாக்களும் முயல் குட்டிகளைக் கொண்டு வேறு வழியில் விஷத்தை நெருங்கியிருந்தார்கள். ஒரே வருஷத்தில் இந்தியாவின் இரு நகரங்களில் நடந்த காரியம் இது.

அதன் பின் என்ன நடந்தது? அதிகமாக ஒன்றும் நடக்கவில்லை. 1961-ல் தே காலராவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அது எடின்பரோவில் அச்சாயிற்று. விஷத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க அவர் விரும்பினார். அதற்கு வேண்டிய வசதி அவரது ஆய்வுக்கூடத்தில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் துறையிலிருந்து ஒதுங்கினார். 1969-ல் அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டீனும் லோஸ்பலூடோவும் விஷத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள்.

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு விஞ்ஞானி எழுதியதன் மதிப்பை எப்படி அளப்பது?

விஞ்ஞானக் கட்டுரை எழுதுகிறவர், தாம் யார் யாருடைய முந்தைய வேலையின் மேல் நிற்கிறோம் என்பதைக் கடைசியில் ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். அப்படி எடுத்துக் குறிப்பிடுவதை ஸைட்டேஷன் என்கிறார்கள். நம் பாஷ்யகாரர்கள் முன்னோர் வாக்கியங்களை எடுத்தாள்வது போலத்தான். அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் இந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினார். இந்தக் கட்டுரை யாரைக் குறிப்பிடுகிறது என்று பார்ப்பதற்குப் பதில், இந்தக் கட்டுரையைப் பிற்பாடு யார் யாரெல்லாம் குறிப்பிட்டார்கள் என்று தேட முடிந்தால்? வக்கீல்களாக இருக்கும் அன்பர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் பின்பற்றின, எவை விலக்கின என்று காட்டும் ஷெப்பர்டு என்ற புத்தகம் அமெரிக்க வக்கீல்களிடம் 1873 முதலே உண்டு. அதைப் பார்த்துத்தான் கார்ஃபீல்டுக்கு யோசனை பிறந்தது. 1955-ல் எழுதிய யோசனை, 1964 முதல் 'ஸயன்ஸ் ஸைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற பெயரில் தொடர்ந்து வெளிவந்தது. அவர் அதைத் தேடுவதற்கான கருவியாகத்தான் செய்தார். எண்ணுவதற்கான கருவியாக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இப்போது தேயின் கணக்கைப் பார்ப்போம். 1959 கட்டுரை வந்த புதிதில் அதை எடுத்தாண்டவர்கள் சொற்பம். 1961-ல் இந்தோனேஷியாவில் ஏழாவது உலகக் காலரா பரவல் ஆரம்பித்தது; டாக்காவில் அமெரிக்க உதவியோடு ஒரு காலரா ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது; மேல்நாட்டு ஆய்வுக்கூடங்கள் காலராவின் பக்கம் திரும்பின. பாங்காக்கில் நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்து, உட்தோல் உரியவே இல்லை என்று 1960-ல் அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். பழைய கொள்கை சரிந்தது. அப்போதுதான் தேயின் கட்டுரைகளைத் தேடிப் படித்து, குறிப்பிட ஆரம்பித்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. விஷத்தைக் கண்டுபிடித்த 1959 கட்டுரையைவிட, முயலின் குடலைக் கட்டும் முறையைச் சொன்ன 1953 கட்டுரைதான் அதிகம் குறிப்பிடப்பட்டது.

இது எல்லாத் துறையிலும் உள்ளதுதான். உலகிலேயே அதிகம் குறிப்பிடப்பட்ட விஞ்ஞானக் கட்டுரை, புரதத்தை அளக்கும் முறையைச் சொல்லும் லவுரி என்பவரின் 1951 கட்டுரை. 2014-ல் எடுத்த கணக்குப்படி அதற்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஸைட்டேஷன்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்ஸன், கிரிக் கட்டுரையோ அந்தக் கணக்கின் முதல் நூறில்கூட இல்லை. சமையல் குறிப்பை எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். சத்தியம் பாடப்புத்தகத்துக்குப் போய்விட்டால் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. ராமன் விளைவு என்று எழுதும் எவரும் 1928 கட்டுரையைக் கீழே குறிப்பிடுவதில்லை அல்லவா? ஒருவருடைய வேலை முழுமையாக ஜெயித்துவிட்டால் அவருடைய எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. யாரும் குறிப்பிடாததால் ஒன்று இல்லை என்றாகிவிடாது. காலராவின் சரித்திரமே இதற்கு நல்ல உதாரணம். காக்குக்கு 30 வருஷம் முன்பே, 1854-ல், பிளாரன்ஸ் நகரில் பாசினி என்பவர் அந்தக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதியிருந்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1965-ல்தான் கிருமியின் விஞ்ஞானப் பெயரோடு பாசினியின் பெயரும் 1854 என்ற வருஷமும் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தன. முயலின் குடலைக் கட்டும் யோசனையைக்கூட 1915-ல், அதாவது தே பிறந்த வருஷத்தில், வியோல், கிரெண்டிரோபூலோ என்ற இருவர் பிரெஞ்சு மொழியில் பிரசுரித்திருந்தார்கள். அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. தே தம் வழியில் மறுபடி கண்டுபிடித்ததுதான் நிலைத்தது.

1973-ல் ஓய்வு பெற்ற தேயை 1978-ல் எதிர்பாராத ஓர் அழைப்பு தேடி வந்தது. காலராவைப் பற்றி நோபல் ஸ்தாபனம் ஸ்வீடனில் நடத்திய 43-வது நோபல் ஸிம்போஸியத்துக்கு வந்து பேசும்படி அழைத்தார்கள். அங்கே கூடியிருந்தவர்களில் பலர் அவருடைய கட்டுரையிலிருந்து கிளம்பியவர்கள். 1960-களின் தொடக்கத்திலேயே செத்துப்போன தன்னை இந்தக் கூட்டம்தான் தோண்டியெடுத்து உயிர் கொடுத்தது என்ற பொருள்படப் பேசினார். சபையோர் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியாது. எனக்கு அந்த வாசகத்தைப் படித்தபோது சிரிக்க முடியவில்லை. பாக்டீரியாக்களின் மரபியலுக்காக 1958-ல் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், தேயின் பெயரை அந்தப் பரிசுக்கு ஒரு முறைக்கு மேல் சிபாரிசு செய்திருந்தார். பரிசு வரவில்லை. 1985 ஏப்ரல் 15-ம் தேதி தே காலமானார். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் கோட்ஸ் மெடல் 1956-ல் கிடைத்தது. அது தவிர நம் தேசத்தில் பெரிய விருது எதுவும் இல்லை. எந்த விஞ்ஞான அகாடமியும் அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஒரு வருஷம் சென்று, 1986 ஏப்ரலில், கார்ஃபீல்டு தம் வாரப் பத்திரிகையில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். காலரா ஆராய்ச்சி எப்படி வளர்ந்தது என்பதை ஸைட்டேஷன்களைக் கொண்டே படமாக வரைந்து, அதில் கல்கத்தாவின் சம்பு நாத் தேயுடைய இடம் எது என்று எடுத்துக் காட்டினார். தலைப்பிலேயே தேயின் பெயர் இருந்தது. பிலடெல்பியாவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவருக்குத் தெரிந்தது, டில்லியிலும் பெங்களூரிலும் அகாடமிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் குறையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது நம் பெங்களூரின் 'கரண்ட் ஸயன்ஸ்'. 1932 முதல் வெளிவரும் பத்திரிகை. சதாசிவநகரில் ராமன் ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் அதன் காரியாலயம். 1990-ல் அதன் ஆசிரியராக இருந்தவர் எஸ். ராமசேஷன். சர் ராமனின் மருமான், இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸயன்ஸின் முன்னாள் டைரக்டர் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். அவ்வருஷம் ஜூலையில் தேயின் நினைவாக ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தார்கள். லெடர்பெர்க் எழுதினார், தேயின் வாழ்க்கையைப் பற்றி அவரை அறிந்தவர்கள் எழுதினார்கள். நம் அகாடமிகள் அவரைத் தேர்ந்தெடுக்காதது பெரிய தவறு என்று அந்த இதழ் மழுப்பாமல் சொன்னது. ராமசேஷனே 1983 முதல் 1985 வரை இந்தியன் அகாடமி ஆஃப் ஸயன்ஸஸின் தலைவராக இருந்தவர். ஆகவே இது வெளியே நின்றவர் சொன்ன குற்றச்சாட்டு அல்ல. பெரிய மனசு வேண்டும்.

இதே பத்திரிகை 1997-ல் இன்னொரு கல்கத்தா டாக்டருக்கும் நியாயம் செய்தது. அன்பர்கள் சிலர் தேயையும் அவரையும் குழப்பிக்கொள்கிறார்கள், இருவரும் வேறு. அவர் சுபாஷ் முகோபாத்யாய். 1978-ல், இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆவதற்குள், கல்கத்தாவில் இரண்டாவது குழந்தைக்குக் காரணமானவர். அரசாங்கக் குழு அவரை நம்ப மறுத்தது. வெளிநாடு சென்று தம் வேலையைச் சொல்ல அனுமதியும் கிடைக்கவில்லை. 1981-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். 1990-ல் வெளிவந்த தபன் சின்ஹாவின் ஹிந்திப் படம் அவர் கதையைத் தழுவியது; தேயின் கதை அல்ல. முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, இந்தியாவில் முதலில் சாதித்தவர் அவரே என்று 'கரண்ட் ஸயன்ஸ்' இதழில் எழுதியவர் டி.சி. ஆனந்த் குமார். 1986-ல் பம்பாயில் பிறந்த குழந்தைக்காக அந்தப் பெருமை அதுவரை இவருக்கும் இவர் சகாக்களுக்கும் உரியதாக இருந்தது. தமக்கிருந்த பட்டத்தைத் தாமே எடுத்து இன்னொருவருக்குச் சூட்டினார்.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் புலப்படும். முகோபாத்யாயின் சாதனையைத் தாங்கிப் பிடிக்க உலகம் படிக்கும் பத்திரிகையில் ஒரு கட்டுரை இல்லை. தேக்கு இரண்டு பக்கம் இருந்தது. ஊர் கண்டுகொள்ளாவிட்டாலும் அந்த இரண்டு பக்கம் லண்டன், டாக்கா, டெக்ஸாஸ் லைப்ரரிகளில் அலமாரியில் காத்திருந்தது. பிரசுரம் செய் என்று மாணவர்களிடம் வற்புறுத்துவதில் நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் எத்தனை பிரசுரம் என்று கேட்பது வேறு. எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி மருத்துவக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியை. காலையில் வார்டு, மதியம் வகுப்பு, ராத்திரியில் பதவி உயர்வுக்கு வேண்டிய கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பற்றிய கவலை. பணம் கட்டினால் பத்து நாளில் அச்சிட்டுத் தரும் பத்திரிகைகளிலிருந்து அவளுக்குத் தினமும் கடிதம் வருகிறதாம். இவர்களை மதிப்பிட இப்போது பல அளவுகோல்கள். அவற்றுள் பிரபலமானது 2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிகப் பேராசிரியர் சொன்ன ஹெச்-இண்டெக்ஸ். ஒருவருக்கு அது 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை குறிப்பிடப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். சிறிது யோசித்தால் ஒன்று தெரியும்: எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பாக இருந்தாலும் ஒரு கட்டுரை இந்தக் கணக்கில் ஒன்றுக்கு மேல் கூட்டாது. 1959 மே மாதக் கட்டுரையும் ஒன்று. ஏதோ ஒரு மாதிரிக் குறிப்பும், 20 பேர் குறிப்பிட்டுவிட்டால், ஒன்று.

எண்ணிக்கையைத் திட்டுவது இப்போது ஒரு பாஷனாகிவிட்டது. நான் அப்படித் திட்ட மாட்டேன். தேயின் விஷயத்தில் மனிதர்கள் செய்யாத நியாயத்தை எண்ணிக்கைதான் செய்தது. எண்ணிக்கைக்கு ஊர், ஜாதி, சிபாரிசு, யார் யாருடைய சிஷ்யன் என்பதெல்லாம் தெரியாது. ஆனால் அது 25 வருஷம் கழித்துச் செய்த நியாயம். 1960-ல் தேக்கு ஒரு நல்ல சென்ட்ரிஃப்யூஜும் இரண்டு உதவியாளர்களும் கொடுக்கலாமா என்று ஒரு குழு கூடியிருந்தால், அன்றைக்கு அவருடைய ஸைட்டேஷன் கணக்கு அந்தக் குழுவுக்கு உதவியிருக்காது. உதவியிருக்கக் கூடியது ஒன்றே ஒன்று: உறுப்பினர்களில் யாராவது அந்த இரண்டு பக்கத்தை உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். நான் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது பதவி உயர்வுக் குழுக்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரே பிற்பகலில் ஐம்பது பேருடைய ரகசியக் குறிப்பேடுகள் மேஜைக்கு வரும். படிக்க நேரம் எங்கே? எத்தனை வருஷம் 'மிக நன்று' என்று எண்ணி முடிப்பார்கள். படிப்பதற்குப் பதிலாக எண்ணுவது என்பது விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழக்கம் அல்ல.

தேயின் இரண்டு பக்கம் எங்கெல்லாம் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விஷம் குடல் செல்களுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளைக் கட்டுக்கடங்காமல் பெருக வைத்து, உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்ட வைக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஒரு நாளில் 10, 15 லிட்டர்கூடப் போகும். குடலின் உட்தோல் மட்டும் உரியாமல் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்த நீரை வாய்வழியே கொடுத்தால் அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டுமே? உறிஞ்சிக்கொண்டது. 1968-ல் டாக்காவில் நாலின், கேஷ் ஆகியோர் நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்த போங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ், ஸலைன் தீர்ந்துபோன நிலையில், அண்டா அண்டாவாக அந்த நீரைக் கலந்து கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதுதான். மஹலனாபிஸ் 2022-ல் காலமானார்; 2023-ல் அவருக்குப் பத்மவிபூஷண். ஓ.ஆர்.எஸ். தேயின் கண்டுபிடிப்பு அல்ல. அது ஏன் பலிக்கிறது என்பதற்கான விளக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அதே விஷத்தின் பாதிப்பில்லாத பாகத்தைச் சேர்த்து வாயால் குடிக்கும் காலரா தடுப்பு மருந்து 1990-களில் ஸ்வீடனில் வந்தது. 1994-ல் நோபல் பரிசு பெற்ற ஜி-புரத ஆராய்ச்சியிலும் காலரா விஷம் ஒரு கருவியாகப் பயன்பட்டது.

2010-ல், ஐம்பது வருஷம் கழித்து, உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் நாயர், நாராயண் என்ற இரு இந்தியர்கள் தேயின் பங்களிப்பை நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஆர்வமுள்ள அன்பர்கள், முக்கியமாக வீட்டில் மருத்துவமோ உயிரியலோ படிக்கும் பிள்ளைகள் இருப்பவர்கள், 'கரண்ட் ஸயன்ஸ்' 1990 ஜூலை இதழைத் தேடிப் பார்க்கலாம். பழைய இதழ்கள் இணையத்தில் காசில்லாமலேயே கிடைக்கின்றன. தேயின் 1959 'நேச்சர்' கட்டுரையைப் பெரிய லைப்ரரிகளில் கேட்டு வாங்கலாம். நிதானமாகப் படித்தாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.